அரை டிக்கெட்டின் தேகப்பயிற்சி

சண்டைக் காலத்தில் பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட, செஞ்சி பஸ் கரியில் ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. முதுகில் ஒரு கரியடுப்பைக் கட்டிக்கொண்டு அது வருகிற வேகத்தைப் பார்த்து, வழியில் வல்லம் கிராமத்து ஆடுகள் முந்திப் போய், நின்று, திரும்பிப் பார்த்து வருத்தப்படும்.

அந்தப் பஸ்ஸில்தான் காஸ்பர் தினமும் காலேஜுக்குப் போய்வந்தான். இருட்டோடு எழுந்து நிலக்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். பொழுது சாய்ந்து வீடு வந்தால், ரேஷன் மண்ணெண்ணெய் தீரும்வரை படிக்க வேண்டும். சாப்பிடும்போதே தூங்குவான். அம்மா அருளம்மாள் கன்னத்தில் தட்டி, "மெல்லுடா" என்பாள்.

இந்த லட்சணத்தில் டிரில் மாஸ்டர் அரங்கநாதன் கூப்பிட்டனுப்பினார்.

"காலையில டிரில்லுக்கு ஒருநாள் கூட வரல நீ. தேகப்பயிற்சி இல்லாதவன் பரீட்சை எழுத முடியாது."

"முதல் பஸ்ஸே அதுக்கப்புறம்தான் சார் கெளம்புது."

"உங்க ஊர்ல மலை இருக்குதே, ஏறேன்."

காஸ்பர் ஏறிப் பார்த்தான். ராஜகிரி முதற்படியில் சற்று உட்கார்ந்தவனை ஆடு மேய்ப்பவர்கள் வந்து எழுப்பும்போது மறுநாள் விடிந்திருந்தது. பரீட்சை போனால் படிப்பு போயிற்று. பிறகு காலம் பூராவும் அந்தக் கொல்லைதான்.

மறுவாரம் மாஸ்டரிடம் போய் நின்றான். "நான் தெனமும் பஸ் தள்றேன் சார். அது பயிற்சி ஆவாதா?"

பொய்யில்லை. காலேஜ் பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். வல்லத்து மேட்டில் பஸ் நின்றால் முழு டிக்கெட் உட்கார்ந்திருக்கும்; அரை டிக்கெட் இறங்கித் தள்ளும். கண்டக்டர் தங்கராசு போட்ட சட்டம் அது. நிற்காத நாளே கிடையாது.

"நம்ப மாட்டேன். சனிக்கிழமை நானே வர்றேன், கண்ணால பார்க்கிறேன்" என்றார் மாஸ்டர்.

சனிக்கிழமை சாயங்காலம் முழு டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தார். மேடு வந்தது. காஸ்பர் வேட்டியை மடித்துக் கட்டினான். பஸ் நிற்கவில்லை. புகை விட்டுக்கொண்டு, தேர் மாதிரி, ஏறிக்கொண்டே இருந்தது.

"இன்னா அண்ணே இது?" என்றான் காஸ்பர்.

"அவலூர்பேட்டை சந்தைக் கரிடா! காஞ்ச கரி, எப்டி இழுக்குது பாத்தியா?" என்றார் தங்கராசு பூரிப்போடு.

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லுண்ணே. என் பரீட்சை போயிடும்."

டிரைவர் தனகோட்டி திரும்பாமலே சொன்னார்: "இந்த மேட்ட நிக்காம இன்னிக்குத்தான் ஏறுறேன். இப்ப எங்க நைனாவே வந்து குறுக்கே நின்னாலும் நிறுத்த மாட்டேன்."

மாஸ்டர் காஸ்பரைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாத் தள்றப்பா."

காஸ்பர் எழுந்தான். பின்பக்கம் குதித்தான். கூரைக்குப் போகும் ஏணியை இரண்டு கையாலும் பிடித்தான். குதிகாலை மண்ணில் ஊன்றினான். ஒரு வருஷத் தூக்கம் முழுவதும் உடம்பில் கனத்துக் கிடந்ததல்லவா, அந்தக் கனத்தை அப்படியே பின்னால் சாய்த்தான். அவன் குதிகால் உழுத சாலில் மறுமழைக்கு யாரோ கம்பு விதைத்ததாகக் கேள்வி. பஸ் முனகியது, திணறியது, நின்றுவிட்டது.

"யார்ரா அது, பஸ்ஸப் புடிச்சவன்?" என்று தனகோட்டி அழாத குறையாகக் கத்தினார்.

மாஸ்டர் இறங்கி வந்தார். நின்ற பஸ்ஸைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், காஸ்பரின் புஜத்தை அமுக்கிப் பார்த்தார்.

"பரீட்சை எழுது போ" என்றார். காஸ்பருக்குக் கண் நிறைந்தது. மாஸ்டருக்கும்தான். "இவ்வளவு பலத்தை வச்சுக்கிட்டு எங்கேடா ஒளிஞ்சிருந்தே? கயிறு இழுக்கிற கோஷ்டிக்கு இனி நீதான் கடைசியில ஊனி நிக்கிற ஆள். திங்கள்லேருந்து தெனம் காலையில அஞ்சு மணிக்கு மைதானத்துல இருக்கணும்."

"அந்நேரத்துக்குப் பஸ் இல்லியே சார்."

"ஓடி வா. அதுவும் பயிற்சிதானே?"

காஸ்பர் ஏணியில் நெற்றியை வைத்துச் சாய்ந்தான், நின்றபடியே தூங்கிப்போனான். அடுப்பைக் கிளறிப் பஸ்ஸைக் கிளப்பி, மாஸ்டரோடு எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். ஏணியோடு பஸ் போன பிறகும் மேட்டில் அவன் சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றுகொண்டிருந்தான்.