காலை பதினொன்று இருபது

பெயர் போட வேண்டாம், கையெழுத்தும் வெளியே தெரியாது, மனதில் இருப்பதை ஒளிக்காமல் எழுதுங்கள் என்று பெரிய டாக்டரம்மா சொல்லியிருந்தார். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் தாண்டி இருக்கும் அந்தக் கண் ஆஸ்பத்திரியில் மொத்தமே பதினான்கு பேர். மேனேஜர் குமரேசன் ஊழியர்களை எப்படி நடத்துகிறார் என்று ஆளுக்கொரு தாளில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். டாக்டரம்மா தாள்களை வேலூரில் தன் வீட்டுக்கு எடுத்துப் போய், எழுதியிருப்பதை அப்படியே டைப் அடித்துக் குமரேசனிடம் கொடுப்பார். படித்துவிட்டுத் திருத்திக்கொள்ளட்டும் என்று எண்ணம். நல்ல எண்ணத்துக்கு இந்த ஊரில் என்றைக்குமே குறைச்சல் இல்லை.

பெரும்பாலானவர்கள் தண்ணீர் கேன் லேட்டாக வருகிறது, ஃபேன் ஓடவில்லை என்று எழுதித் தப்பித்துக்கொண்டார்கள். நூரைன்தான் நடந்ததை எழுதினாள். பதினோரு வருஷமாக அங்கே நர்ஸ். ஒரு சொட்டு மருந்து விட்டால்கூடத் தேதியும் நேரமும் போடாமல் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதியதில்லை. அந்தப் பழக்கம் இந்தத் தாளிலும் விடவில்லை. “12ஆம் தேதி, காலை 11.20” என்று மேலே போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் விஷயத்தை எழுதினாள்: நோயாளிகள் எதிரில் ஒரு நர்சை மேனேஜர் தகாத வார்த்தை சொல்லித் திட்டினார், அது சரியில்லை.

பெயரை மறைக்கத் தெரிந்தவளுக்கு நேரத்தை மறைக்கத் தெரியவில்லை. டாக்டரம்மாவும் அதை ஒரு எழுத்து விடாமல் டைப் அடித்துக் கொடுத்துவிட்டார்.

குமரேசனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? பன்னிரண்டாம் தேதி டியூட்டி சார்ட்டை எடுத்துப் பார்த்தார். அந்த நேரத்தில் சொட்டு மருந்து அறையில் இருந்தது சினேகாவும் நூரைனும். அன்றைக்குத் தான் சத்தம் போட்டது சினேகாவை என்பது வரைக்கும் அவருக்கு ஞாபகம் இருந்தது. திட்டு வாங்கியவள்தானே புகார் எழுதுவாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

சனிக்கிழமை காலை சுவரில் புது சார்ட் தொங்கியது. கிராமத்துக் கண் முகாமுக்கு வேன் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பும், திரும்பிவர இருட்டிவிடும். அதனால் முகாமுக்கு எப்போதும் முறை வைத்துத்தான் போவார்கள். இந்த முறை மாதம் முழுக்க ஒரே பெயர்: சினேகா. அவளுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. அடி அண்ணாமலையில் மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். சாயங்காலம் அவள் போய்த் தூக்கினால்தான் அழுகை நிற்கும்.

சினேகா சார்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் ஃபேனைப் பத்திதான்க்கா எழுதினேன். அதுக்கா இவ்ளோ கோவம்?”

பக்கத்தில் மருந்து டிரேயோடு நின்றிருந்த நூரைனுக்குக் காரணம் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் அவளுக்கு ஒரு குறையும் வராது. யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்தப் பாதுகாப்புக்காகத்தானே பெயர் போடாமல் எழுதினாள்? அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. கையில் இருந்த டிரேயைக் கீழே வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குள் போனாள்.

“சார், அந்தத் தாளை எழுதினது சினேகா இல்லைங்க. நான்.”

குமரேசன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பதினோரு வருஷம் கூடவே வேலை பார்த்திருக்கிறீர்கள், என்னிடம் நேரில் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். நடிப்பில்லை, உண்மையாகவே மனசு வலித்துத்தான் கேட்டார்.

“சொன்னா என்ன ஆகும்னு வெளிய சார்ட்ல தொங்குதுங்களே சார்.”

அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வேலை வசதிக்காக மாற்றியது என்றார். அப்படியென்றால் காரணத்தை எழுதிவிடுங்கள் என்றாள் நூரைன். சார்ட்டில் முறை மாற்றினால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தைப் போட வைத்ததே குமரேசன்தான். வெறுமனே விட்டால் யாரையும் சும்மா விடமாட்டார். இப்போது அவரே வெறுமனே விட்டிருந்தார்.

எழுந்து போய் சார்ட்டைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்தார். பேனாவைத் திறந்தார். கட்டத்துக்கு மேல் பேனா நின்றது.

“அன்னிக்கு அப்படி என்னதான் சொல்லிட்டேன்?”

அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. பௌர்ணமி கிரிவலத்துக்கு மறுநாள் அது. வரிசை கேட் வரைக்கும் நின்றது. பத்துப் பேரையாவது வாய்க்கு வந்தபடி பேசியிருப்பார். பேசியவருக்கு அது பத்தில் ஒன்று.

நூரைன் மெதுவாகத்தான் சொன்னாள். “புள்ளைக்குப் பால் எடுத்து வச்சுட்டு வர பத்து நிமிஷம் ஜாஸ்தியாயிடுச்சு அவளுக்கு. இது ஆஸ்பத்திரியா மாட்டுக் கொட்டாயான்னு கேட்டீங்க. கண்ணுல மருந்து விட்டுக்கிட்டு இருபது பேர் உக்காந்திருந்தாங்க.” பிறகு, “தாள்ல அந்த வார்த்தையை எழுதலைங்க சார். எழுதக் கை வரலை,” என்றாள்.

குமரேசன் அவளைப் பார்க்கவில்லை. வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவர் சினேகா பெயர்மேல் ஒரே கோடாக அடித்தார். வெள்ளை மை பூசக் கூடாது, ஒரு கோடு அடித்துக் கையெழுத்தும் அடித்த நேரமும் போட வேண்டும் என்று எல்லாருக்கும் அவர் படித்துப் படித்துச் சொல்கிற விதி. அதன்படியே செய்தார்.

முறைப்படி திங்கட்கிழமை தன்னுடையது, தானே போகிறேன் என்று சொல்லிவிட்டு நூரைன் வெளியே வந்தாள். நாளைக்கு இந்த மனுஷன் எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியாது. முகாமுக்கு மாதம் முழுக்கத் தன் பெயர் வந்தாலும் வரும். பயம் போகவில்லை, ஆனால் மூச்சு நன்றாக விட முடிந்தது.

மதியம் சார்ட் பழையபடி சுவருக்கு வந்தது. திங்கட்கிழமைக்கு நூரைன் பெயர், மற்ற நாட்களுக்கு முறைப்படி மற்றவர்கள். சினேகா தன் பெயர்மேல் இருந்த கோட்டைப் பார்த்தாள், பக்கத்தில் காரணக் கட்டத்தைப் பார்த்தாள். வார்த்தை ஒன்றும் இல்லை. குமரேசனின் பொடி எழுத்தில் தேதியும் நேரமும் மட்டும் இருந்தன: 12ஆம் தேதி, காலை 11.20.

அது என்ன நேரம் என்று சினேகா யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெகுநேரம் அங்கேயே நின்றாள்.