நாற்பத்தொரு பக்கமும் அம்மணம்

வாடிக்கையாளரின் சர்வரில் எங்கள் செயலி அம்மணமாக நின்றது. நிறமில்லை, படமில்லை. வெள்ளைத் திரையில் எழுத்து மட்டும் கொட்டிக் கிடந்தது. எங்கள் கணினிகளில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வந்த மேலாளரம்மாவிடம் எங்கள் டீம் லீட் சொன்னார்: "மேடம், இந்தப் பக்கங்கள எழுதினவங்க இப்ப உயிரோட இல்ல. அவங்க பண்ணின தப்ப நாங்க சுமக்கறோம்."

எழுதியவள் என் மனைவி. இறந்து நான்கு மாதம். நான் அதே மேசையின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தேன்.

"அவ இந்தத் தப்பப் பண்ண மாட்டா," என்றேன்.

"தம்பி, உன் நிலைமை புரியுது. போய் ஒரு டீ குடிச்சிட்டு வா."

"டீ வேணாம். ப்ரொஜெக்டர் வயரக் குடுங்க."

விஷயம் எளிது. எங்கள் கணினியில் செயலி தனியாக ஓடுகிறது. அவர்கள் சர்வரிலோ ஏழெட்டுச் செயலிகளுக்கு நடுவே, தனக்கென ஒரு பெயரின் கீழ். ஜாவா நிரலிடம் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கி, நிறமும் அமைப்பும் தரும் ஸ்டைல்ஷீட், படம் எல்லாவற்றின் பாதைக்கும் முன்னால் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பிரௌசர் சர்வரின் தலைவாசலில் போய்த் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது.

மாற்றங்களின் பதிவைத் திரையில் போட்டேன். நாற்பத்தொரு பக்கத்திலும் அவள் அந்தப் பெயரை வைத்திருந்தாள். அவள் இறந்த மூன்றாம் வாரம், ஒரே நாளில், அத்தனையிலும் அது நீக்கப்பட்டிருந்தது. நீக்கியவர் இடத்தில் லீடின் பெயர். அவர் எழுதிய குறிப்பு: "தேவையில்லாத குப்பை அகற்றம்."

மேலாளரம்மா நிதானமாக வாசித்தார். "இது நீங்கதானே சார்?"

"நம்ம மெஷின்ல நல்லாத்தான் ஓடுச்சு மேடம்." என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "செத்தவளுக்கு வக்காலத்தா? இப்ப அவளுக்கு என்னய்யா ஆகப்போகுது?"

"அவளுக்கு ஒன்னும் ஆகாது. உங்களுக்கு ஆகட்டும்."

"சரி, போதும். நீயே பழையபடி மாத்திடு."

"யார் தப்புன்னு மொதல்ல மேடத்துக்கு மெயில் போடுங்க."

மேலாளரம்மா கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். லீட் லேப்டாப்பை இழுத்து, "எங்கள் தரப்பில் நேர்ந்த சிறு பிழை" என்று அடித்தார்.

"தரப்பு என்ன தரப்பு? உங்க பேரப் போடுங்க."

போட்டார். அனுப்பும்வரை தோளுக்குப் பின்னால் நின்றேன். அதன் பிறகுதான் அவர் மாற்றியதைத் திருப்பிப் போட்டேன். பத்து நிமிடம் ஆனது.

மேலாளரம்மா போனதும் லீட் கதவைச் சாத்தினார். "இதுக்கு நீ அனுபவிப்ப."

"அதையும் மெயில்ல போடுங்க," என்றேன்.