மூடி வைத்த லேப்டாப்

மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவள் இணையக் கணக்கில் கிடக்கும் படங்களை வீட்டிலேயே சர்வராக எப்போதும் ஓடும் ஒரு கம்ப்யூட்டர் வைத்து அதில் சேர்த்துவிடலாம் என்று மகள் வெளியூரிலிருந்து போன் செய்தாள். லிஃப்ட் மெக்கானிக் "சரிம்மா" என்றார். அந்த மாதங்களில் யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் வந்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியின் பழைய லேப்டாப் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. கல்லூரி கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் மச்சினன் நேரில் வந்திருந்தான். மாப்பிள்ளை வீடியோ காலில் இருந்தார். அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட வேண்டும் என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. பல வகையில் எந்த லினக்ஸ் என்பதில்தான்.

"உபுண்டு போடுங்க மாமா. என்ன சந்தேகம் வந்தாலும் நெட்ல தேடினா பதில் கொட்டும்," என்றார் மாப்பிள்ளை.

"ஆர்ச் போட்டா அத்தானுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு எல்லாம் புரியும்."

"முதல் தடவையா சர்வர் வைக்கிறவருக்கு ஆர்ச்சா? நீச்சல் தெரியாதவரைக் கிணத்துல தள்ளுற மாதிரி இருக்கு!"

பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்தவர்கள் போல இருவரும் மல்லுக்கட்டினார்கள். மெக்கானிக் மேஜையில் காய்ந்திருந்த டீ வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இருந்திருந்தால் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அது தெரிந்தது, உறைக்கவில்லை.

"எது அடிக்கடி மாறாது?" என்று கேட்டார்.

இருவரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"புதுசா எதுவும் வேணாம். போட்டா போட்டபடி கிடக்கணும். இருபத்தெட்டு வருஷமா லிஃப்ட் பாக்கறேன், ஒழுங்கா ஓடுறதை நோண்டக் கூடாது."

"அப்ப டெபியன்தான் அத்தான்," என்றான் மச்சினன். "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பெரிய மாத்தம். நடுவுல பாதுகாப்புக்காகச் சின்னச் சின்ன ஒட்டுவேலை, அவ்வளவுதான்." மாப்பிள்ளையும் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

லேப்டாப்பில் இருந்ததை மச்சினன் முதலிலேயே வேறொரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்துவிட்டான். பிறகு டெபியனை ஏற்றத் தொடங்கினார்கள். இதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று திரை கேட்டது. மச்சினன் தயங்கினான். மெக்கானிக் எட்டி ஒரு விரலால் 'ஆம்' கொடுத்தார்.

படங்கள் இறங்கி முடிய மூன்று நாளானது. ஒன்பதாயிரத்துச் சொச்சம். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் திரையை எட்டிப் பார்ப்பார். மின்சார மீட்டர், மருந்து அட்டை, பெயிண்ட் டப்பாவின் லேபிள். மறந்துவிடக் கூடாது என்று அவள் எடுத்து வைத்தவை. யாரோ வீட்டுப் படங்களைப் பார்ப்பது போல இருந்தது.

வியாழக்கிழமை மகள் கூப்பிட்டாள். "அப்பா, காலைல இருந்து இங்க அம்மா படம் எதுவும் திறக்கவே மாட்டேங்குது."

"நான் ஒண்ணும் பண்ணலியே. தூசி விழும்னு லேப்டாப்பை மூடி வச்சேன்."

கோளாறு அதுதான் என்று மச்சினன் போனில் கண்டுபிடித்தான். மூடினால் லேப்டாப் உறங்கிவிடும். மூடினாலும் கண்டுகொள்ளாதே என்று அதற்குள் ஒரு வரி எழுத வேண்டும். அவன் எழுத்து எழுத்தாகச் சொல்ல, மெக்கானிக் ஒற்றை விரலால் தட்டினார். இரண்டு தடவை தப்பாகி, மூன்றாவதில் ஏற்றுக்கொண்டது. லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டு, மூடி, காதை வைத்துப் பார்த்தார். உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் மகள் மறுபடி கூப்பிட்டாள். "வந்துடுச்சுப்பா! இங்க பாருங்க, நீங்க சிங்க்குக்கு அடியில தலையை விட்டுக்கிட்டு இருக்கீங்க. ஃபேன் மாட்டுறீங்க. கதவுக்குக் கீல் போடுறீங்க. உங்க முதுகை மட்டுமே அம்மா நாப்பது படம் எடுத்திருக்காங்க."

"முதுகா?"

"ஆமாப்பா. ஒண்ணுல கூடத் திரும்பிப் பாக்கல நீங்க."

அவருக்கு அழுகை வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது எங்க இருக்கு? எப்படிப் பாக்கறதுன்னு சொல்லு," என்று மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.