டீயும் கூலியும்

வாசுவின் வருமானத்தைக் கெடுப்பது சோம்பலும் அல்ல, போட்டியும் அல்ல, டீதான். கிள்ளான் நகரில், வீட்டைக் குளிரூட்டும் ஏர்கோன் பழுதுபார்ப்பவர்களில் அவன் வேலையைக் குறை சொல்ல ஆளில்லை. சீனர் வீடு என்றால் வேலை முடிந்ததும் கூலியைக் கணீரென்று சொல்லி வாங்கிக்கொண்டு வருவான். தமிழர் வீட்டில் ஒரு டம்ளர் டீ உள்ளே போய்விட்டால் தொலைந்தது. "எவ்ளோண்ணே?" என்று கேட்டால், "உங்களுக்குத் தெரியாததா, பாத்து குடுங்க," என்று பல்லைக் காட்டுவான். அவர்களும் பார்த்துத்தான் கொடுப்பார்கள், பாதியை.

அன்று அப்படி இளிக்க முடியாது. அவனுடைய வேன் மேருவில் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. மாலைக்குள் காசு கட்டி எடுத்தால்தான் மறுநாள் செலாயாங் ஆபீஸ் வேலைக்குப் போகலாம். போகாவிட்டால் அது வேறு ஆளுக்கு.

"வாய நனைக்காதீங்க," என்று மனைவி தங்கமணி வாசலிலேயே சொன்னாள். "டீ குடிச்சீங்க, வேனை மறந்துருங்க."

சாமான் பையைத் தோளில் போட்டு, ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தான். மலர்விழி என்பவரின் பிளாட். வீட்டிலேயே முறுக்கு, லட்டு செய்து விற்பவர். மூன்று ஏர்கோனுக்கும் கூலி நானூறு வெள்ளி என்று வாட்சப்பில் வீரமாக எழுதியிருந்தான். வாட்சப்பில் யாருக்குத்தான் வீரம் வராது?

வேலை செய்யும்போதே காது அடுப்படியில் இருந்தது. டீ வந்தது. "வேணாங்க, இப்பதான் குடிச்சேன்." லட்டு வந்தது. "வேணாங்க." சட்டை நனைந்து ஒட்டியிருப்பதைப் பார்த்து அவர் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்தார். அதையும் மறுத்துவிட்டு, பையிலிருந்த தன் பாட்டிலை எடுத்து அவர் முன்னாலேயே மடமடவென்று குடித்தான். மடையன்.

மலர்விழியின் முகம் சுருங்கிவிட்டது.

"நாங்க யாருன்னு யாராச்சும் சொன்னாங்களாண்ணே?"

வாசுவுக்குப் புரியவில்லை.

"போன மாசம் ஒரு கல்யாண ஆர்டர். என்ன ஆளுங்கன்னு விசாரிச்சுட்டு, முறுக்கு வேணாம்னுட்டாங்க. நேரா சொல்லல. நீங்க இப்பதான் குடிச்சேன்னு சொன்னீங்களே, அந்த மாதிரிதான்."

அவனுக்கு உடம்பு கூசியது. இப்படி ஒரு அர்த்தம் அதற்கு உண்டென்று அவன் நினைத்தே பார்க்கவில்லை. "சத்தியமா அது இல்லைங்க. டீ குடிச்சா எனக்குக் கூலி கேக்க வாய் வராது. அவ்ளோதான்."

சொல்லும்போதே அது பொய் மாதிரி இருந்தது. ஏணியிலிருந்து இறங்கி, மேசையிலேயே ஆடை படிந்து ஆறிப்போயிருந்த டீயை ஒரே மூச்சில் குடித்தான். லட்டையும் தின்றான்.

வேலை முடிந்தது. "எவ்ளோண்ணே?"

"முந்நூறு போதுங்க."

"நானூறுன்னு எழுதியிருந்தீங்க. நூறு எதுக்குக் குறையுது? டீக்கா, என்னப் பாத்துப் பாவப்பட்டா?"

எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, "நானூறு," என்றான். டீ குடித்த வீட்டில் அந்த வாய் முழுக் கூலி கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் எண்ணிக் கொடுத்தார்.

மணி ஐந்தாகப் போகிறது. ரயிலைப் பிடிக்க வேண்டும், கிள்ளானில் இறங்கி மேருவுக்கு ஓட வேண்டும். கால் பரபரத்தது. ஆனாலும் வாசலில் நின்று கேட்டான்.

"முறுக்கு ரெண்டு கிலோ குடுங்க. எவ்ளோ?"

மலர்விழி பொட்டலத்தைக் கட்டி நீட்டினார். "உங்களுக்குத் தெரியாததாண்ணே. பாத்து குடுங்க."

வாசு பொட்டலத்தை வாங்கவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தான்.

"வெலையச் சொல்லுங்க. ஒர்க்‌ஷாப்ப மூடிருவான்லா."