ஆயிரம் சுற்று கூடுதல்

கச்சேரிக்கு ஒரே நாள் இருக்கும்போது தங்கையின் எலெக்ட்ரிக் கிதார் ஊமையாகிப்போனது.

அவள் மோட்டார் ரிப்பேர் கடைக்குள் ஓடிவந்த வேகத்தில் வாசலில் அடுக்கியிருந்த மின்விசிறி இறக்கைகள் சரிந்தன. “அக்கா, பிக்கப் போயிடுச்சு!”

அக்கா அந்தக் கடையில் பன்னிரண்டு வருஷமாக மோட்டார்களுக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுகிறவள். கிதாரைத் தொட்டதுகூட இல்லை. “பிக்கப்னா எதுடி?”

தந்திகளுக்கு அடியிலிருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைத் தங்கை காட்டினாள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதுதான். “கம்பெனிக்கு எழுதினா மூணு மாசம் ஆகும். வேற எங்கயும் கிடைக்காது.”

அது எழுபதுகளின் தொடக்கம். பிக்கப்பைத் தனியாகச் செய்து விற்கலாம் என்று அந்த வட்டாரத்தில் யாருக்கும் தோன்றியதில்லை.

அக்கா பெட்டியைத் திறந்தாள். ஆறு காந்தக் குச்சிகள், அவற்றைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அடிப்பாவி, இது காயில்தானேடி! இதுக்கா அழுதுகிட்டு வந்தே?”

வியர்வை இறங்கிக் கம்பி உள்ளே அரித்துப் போயிருந்தது. அதை உருவிக்கொண்டே எண்ணினாள். எட்டாயிரம் சுற்றுக்குக் கிட்டத்தட்ட வந்தது. டெலிபோனுக்குள் இருக்கும் ரிலே காயிலுக்கு வைத்திருந்த மெல்லிய கம்பியை எடுத்து, தையல் மெஷின் சக்கரத்தில் காந்தக் குச்சிகளோடு காலிக் கூட்டைப் பொருத்திச் சுற்ற ஆரம்பித்தாள். எண்ணிக் காட்டும் கருவியில் மூன்றே இலக்கம். ஆயிரம் முடிந்ததும் அது பூஜ்யத்துக்குத் திரும்பும். அவள் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள். ஏழு கோடு ஆனபோது முதலாளி பம்ப் மோட்டார் பற்றி ஏதோ கேட்டார். பதில் சொல்லித் திரும்பினால், கடைசி ஆயிரத்துக்குக் கோடு போட்டோமா இல்லையா என்று குழம்பிவிட்டது.

“குறைஞ்சா வம்பு. கூடினா என்ன குடியா முழுகிடும்?” என்று இன்னொரு ஆயிரம் சுற்றினாள்.

மறுநாள் மாலை அரங்கில் தங்கை முதல் தந்தியை மீட்டினாள். ஒரே அதிர்ச்சி! பழைய மெல்லிய கிணுகிணுப்பு போய், தடித்த குரலில் ஒரு கர்ஜனை. டிரம்ஸ்காரர் குச்சியைத் தவறவிட்டார். தங்கைக்கே ஒரு கணம் கை ஓடவில்லை. அப்புறம் நிறுத்த முடியவில்லை. கடைசி வரிசையில் அக்கா நாற்காலிமேல் ஏறி நின்று, “நான் கட்டினது! நான் கட்டின காயில்!” என்று பக்கத்தில் இருந்தவரின் தோளை உலுக்கினாள். அவர் யாரென்றே அவளுக்குத் தெரியாது.

விடிந்ததும் கடை வாசலில் போட்டிக் குழுவின் கிதார்க்காரர் நின்றார். எல்லோரும் ‘கண்ணாடி’ என்று கூப்பிடும் ஆள்.

“என்ன ரிப்பேர்?” என்றாள் அக்கா.

“ரிப்பேரே இல்லைங்க. நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம்?”

“அதைக் கழட்டிட்டு நீங்க கட்டினதைப் போடுங்க.”

நன்றாக ஓடும் மோட்டாரைப் பிரித்துக் கட்டச் சொல்லி அதுவரை யாரும் வந்ததில்லை. அக்கா அவர் கிதாரை வாங்கி மேசைமேல் வைத்தாள். ஆனால் எத்தனை சுற்று சுற்றினாள் என்பது அவளுக்கே தெரியாதே! பிரித்து எண்ணலாம் என்றால், அவளோடு கடைக்கு வந்திருந்த தங்கை தன் கிதாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “உயிரே போனாலும் தர மாட்டேன்!”

“வச்சுக்கடி. தொட்டுப் பார்த்தா போதும்.” மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துத் தங்கையின் காயிலின் மின்தடையைக் குறித்துக்கொண்டாள். புதிய காயிலில் அதே அளவு வரும்வரை சுற்றினாள். கண்ணாடி வாசித்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே குதித்தார்.

அந்த வருஷம் முடிவதற்குள் பதினோரு கிதார்கள் வந்தன. கடைப் பலகையில் மோட்டாருக்குக் கீழே ‘கிதார் பிக்கப்’ என்று முதலாளியே எழுதிவைத்தார். பன்னிரண்டாவதாக வந்த பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “எனக்கு இவ்வளவு சத்தம் வேணாம். கொஞ்சம் இனிப்பா, மெதுவா... முடியுமாங்க?”

அக்கா ஏற்கெனவே கம்பி உருளையை எடுத்திருந்தாள். “உட்காரும்மா. எவ்வளவு இனிப்புன்னு வாசிச்சுக் காட்டு.”