தலைகீழ் முக்கோணம்

தலைகீழாக நிற்கும் ஒரு முக்கோணம், பக்கத்தில் ஒரு புள்ளி. இவை இரண்டும் இருந்தால் பூலோகத்தில் எந்தத் திருட்டும் தப்ப முடியாது. விளையாட்டாகச் சொல்லவில்லை. 1931 டிசம்பரில், மதராஸில் பௌதிக ஆனர்ஸ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த நான், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வாசலில், நாற்பது பேருக்கு முன்னால், கரித்துண்டால் தரையில் வரைந்து காட்டிச் சொன்னேன். இரண்டும் சேர்ந்தால் டைவர்ஜென்ஸ். மின்சாரமோ உஷ்ணமோ வாய்க்கால் தண்ணீரோ, ஓர் இடத்துக்குள் போனது முழுவதும் வெளியே வராவிட்டால், உள்ளே எதுவோ அதை விழுங்குகிறது என்று அர்த்தம்.

எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. தண்ணீர் முழுசாக வந்து சேரவில்லை. நான் இரண்டு நாள் ஆரஞ்சுத் தோலை மிதக்கவிட்டு, கடிகாரமும் கையுமாகக் கூடவே நடந்து, தலைமடையிலும் கடைமடையிலும் வேகத்தையும் அகலத்தையும் ஆழத்தையும் அளந்தேன். கால் பங்கு குறைந்தது. நடுவில் இருந்தது முத்தாத்தாளின் மடை ஒன்றுதான். புருஷன் போனபின் ஒன்றரை ஏக்கர் நெல்லைத் தனியாகப் பார்ப்பவள். அந்த இரண்டு நாளும் அவளுடைய தண்ணீர் முறையும் அல்ல.

"ஆகவே," என்றேன். நாற்பது தலையும் அவள் பக்கம் திரும்பின.

"என்ற மடையை நானு தொறக்கலீங்க," என்றாள். "வாய்க்கால்ல எறங்கிக் காலை வெச்சுப் பாருங்க தம்பி. தண்ணி எங்க இழுக்குதுன்னு காலுக்குத் தெரியும்."

"காலுக்கு எந்தக் காலேஜில பட்டங் குடுத்தாங்க அக்கா?"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நஞ்சப்பன் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு வேட்டியில் ஒழுகியது. நான் சிரிக்கவில்லை. நகைச்சுவையைச் சொன்னவன் சிரிக்கக் கூடாது என்பது எங்கள் ஹாஸ்டல் சட்டம். அவளும் சிரிக்கவில்லை. அதற்கு என்ன சட்டம் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

ஊருக்குத் தலைவர் என் அப்பா, குப்பண்ணன். தீர்ப்பு சொன்னார்: இரண்டு முறை அவளுக்குத் தண்ணீர் கிடையாது. அன்றே மடையைக் களிமண் வைத்து அடைத்தார்கள். கணவாய் வழியாக வறண்ட காற்று வீசும் மாதம். நெல் கதிர் வாங்கும் நேரம். இரண்டு முறை என்றால் பன்னிரண்டு நாள்.

பத்தாம் நாள், புரொபசருக்கு ஒரு சின்னக் கட்டுரை எழுதித் தரலாமென்று, திருட்டின்போது, திருட்டுக்குப் பின் என இரண்டு பத்தி போட்டுக்கொண்டு மறுபடி அளக்கப் போனேன். களிமண் கல்லாக இறுகிக் கிடந்தது. கடைமடையில் கால் பங்கு குறைந்தது. நான்கு தடவை அளந்தேன். தோல் காய்ந்துவிட்டதென்று சந்தேகப்பட்டு, புதிதாக ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றுவிட்டு அளந்தேன். அதே கால் பங்கு. சூத்திரம் பொய் சொல்லவில்லை. உள்ளே குறைகிறது என்று மட்டும்தான் அது சொன்னது. பெயரை நான் சொன்னேன். அதுவும் நடுவில் எளிதாகக் கிடைத்த பெயர். வாய்க்காலின் கரைக்கும் ஒரு வாய் இருக்கலாம் என்பது என் நோட்டுப் புத்தகத்தில் எங்கும் இல்லை.

அப்பா மாட்டுக்குத் தும்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்த அக்கா எடுக்கலீங்க."

"ஆரு சொன்னா?"

"கணக்குங்க."

"அன்னைக்கும் கணக்குத்தானே சொல்லுச்சு?" கயிற்றை இழுத்து முடிந்தார். "இன்னும் ரெண்டு நாள்ல அவ தண்டனை முடிஞ்சு போகுது. அதுக்குள்ள ஊரைக் கூட்டி, என்ற பையன் தப்பாச் சொல்லிப்போட்டானுங்கன்னு நானு நிக்கோணுமாக்கும்?"

"ரெண்டு நாளைக்கு நெல்லு தாங்குங்களா?"

அவர் அடுத்த மாட்டின் தும்பை அவிழ்க்கத் தொடங்கினார். அவர் என்னைவிட நல்ல விவசாயி.

நடுமத்தியானம். செருப்பைக் கரையில் விட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன். யாரும் பார்க்கவில்லை என்று இரண்டு பக்கமும் உறுதி செய்துகொண்டேன். கரையோரமாகப் பாதத்தை வைத்து, சாண் சாணாக நகர்ந்தேன். கால் ஒன்றும் சொல்லவில்லை. பட்டம் வாங்காத கால். தாழைப் புதருக்கு அடியில், பெருவிரல் பக்கம், தண்ணீர் மெதுவாக உள்ளே இழுத்தது. குனிந்து கையை விட்டேன். நண்டு வளை, முழங்கை வரை போயிற்று. குதிகாலை வைத்து அடைத்தேன். அரை அடி தள்ளி இன்னொன்று. அதற்கு அடுத்த குதிகால்.

அப்போதுதான் எதிர்க் கரையில் அவளைப் பார்த்தேன். முத்தாத்தாள் நெல்லை அறுத்துக்கொண்டிருந்தாள். கதிர் முற்றியதால் அல்ல. பதராகி வெளுத்ததை மாட்டுக்காவது போடலாமென்று.

"ஏனுங் தம்பி, எதையாச்சுந் தொலைச்சுப் போட்டீங்களா?" கேலி இல்லாமல்தான் கேட்டாள்.

சொல்ல வேண்டியது முழுவதும் தயாராக இருந்தது. எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது.

"ஒண்ணுமில்லீங்கக்கா," என்றேன்.

அவள் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தாள். கட்டிலிருந்து ஒரு நெல்தாள் நழுவித் தண்ணீரில் விழுந்து, என்னை நோக்கி மிதந்து வந்தது. இரண்டு குதிகாலையும் எடுக்க முடியாமல் நின்றேன். தாள் என் முழங்காலைத் தாண்டி ஒரு முழத்தில் நின்றது, ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னும் வேகமாக ஒரு சுற்று. பிறகு செங்குத்தாக நிமிர்ந்து, பதர்க்கதிர் கடைசியாக, கரைக்குள் போயிற்று.