ஒன்பதாவது நாற்காலி

மாற்று ஆட்டக்காரர்கள் ஒன்பது பேர் உட்கார்ந்த பெஞ்சில் இனி ஏழு பேர்தான் என்று கால்பந்து லீக் நடத்துகிறவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். ஏதோ குளுகுளு அறையில் கூடி, பிஸ்கட்டைக் காபியில் தோய்த்துத் தின்றுகொண்டே எடுத்த முடிவாக இருக்கும். சின்ன கிளப்புகளுக்குச் செலவு மிச்சமாம். அடேயப்பா, என்ன அக்கறை! நாற்காலிகளிலும் இரண்டைத் தூக்கிவிட்டார்கள். கூட ஒன்று போட்டால் அபராதமாம். இதனால் யார் வயிறு எரியும் என்று அங்கே ஒருத்தராவது கேட்டிருப்பாரா?

எரிந்தது சட்டைக்காரர் வயிறுதான். கிளப்பின் சட்டை, காலுறை எல்லாவற்றையும் துவைத்து, மடித்து, ஆட்டத்தன்று ஆணியில் மாட்டுகிறவர் அவர். இருபது வருஷ வேலை. அவருடைய ஒரே மகனும் அதே கிளப்பில்தான் ஆடினான். ஆடினான் என்பதுகூடத் தப்பு. ஒரு சீசன் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "அடுத்த மேட்ச்ல உன்னை இறக்குறேன்டா" என்று கோச் தோளில் தட்டிச் சொன்ன சாயங்காலம், மழையில் வீடு திரும்பியவன்மேல் லாரி ஏறிவிட்டது.

கோச்சால் அதைத் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து இரண்டு வருஷமாக எட்டு மாற்று ஆட்டக்காரர்களைத்தான் எழுதிக் கொடுத்தார். ஒன்பதாவது நாற்காலியில் மகனின் பதினாலாம் நம்பர் சட்டை கிடக்கும். யாரும் போடாத அந்தச் சட்டையையும் சட்டைக்காரர் வாராவாரம் மற்றதோடு சேர்த்துத் துவைப்பார். அவர் மனைவி மைதானத்துப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. ஆனால் அவர் வீட்டுக்குள் கால் வைத்ததும், "உட்கார்ந்தானா?" என்பாள். "ஜம்முனு உட்கார்ந்திருந்தான்" என்பார் இவர். அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் சாப்பாடு இறங்கும்.

ஏழு என்று ஆன பிறகும் கோச்சுக்கு மனசு வரவில்லை. ஆறு பேரை மட்டும் எழுதி, ஏழாவது நாற்காலியில் சட்டையைப் போட்டார். விடுபட்டவர் மாற்று கோல்கீப்பர். முப்பத்து நாலு வயசு, இதுதான் அவருக்குக் கடைசி சீசன். கெட்ட நேரம், ஆட்டம் தொடங்கி அரைமணிக்குள் களத்தில் நின்ற கோல்கீப்பருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. தடுப்பாட்டக்காரர் ஒருவர் கையுறையை மாட்டிக்கொண்டு போய் நின்றார். நாலு கோல் வாங்கித் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்து அழுக்குத் துணி அள்ளச் சட்டைக்காரர் உள்ளே போனார். கசமுசாவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துச் சண்டையாவது போட்டிருப்பார். வாசலில் சாதாரண உடுப்போடு நின்ற மாற்று கோல்கீப்பர்தான் ஓடிவந்து மூட்டைக்குக் கை கொடுத்தார்.

"விடுங்கண்ணே. நான் இருந்திருந்தா மட்டும் தடுத்துக் கிழிச்சிருப்பேனாக்கும்!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினார்.

சட்டைக்காரருக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கமே இல்லை. சட்டையை எடுத்துவிடுங்கள் என்று கோச்சிடம் சொல்லிவிடலாம். வீட்டில் எந்த வாயால் சொல்வது?

கோல்கீப்பரின் கால் சரியாகி, அடுத்த ஆட்டத்தன்று காலை, சட்டைக்காரர் கோச்சின் அறைக்குப் போனார்.

"தம்பி, ஏழு பேரையும் எழுதுங்க."

"அண்ணே, நான் அவனுக்கு வாக்கு கொடுத்தவன்."

"அவன் அப்பன் சொல்றேன். உசிரோட இருக்கிறவனை வெளியில நிக்க வச்சுட்டு என் பிள்ளை உட்காருவானா? அப்படியா அவனை வளர்த்தேன்?"

கோச் மேஜையில் முகம் கவிழ்த்து அழுதார். சட்டைக்காரர் அழவில்லை, வேலை கிடந்தது. பதினாலாம் நம்பர் சட்டையை மடிப்புக் கலையாமல் சாமான் அறை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்று ஒரு கோலில் ஜெயித்தார்கள். மாற்று கோல்கீப்பர் ஏழாவது நாற்காலியில் கடைசி வரை சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

ஒரு பொய் சொன்னால் என்ன, அவளா வந்து பார்க்கப்போகிறாள் என்று வழியெல்லாம் நினைத்தபடி சட்டைக்காரர் வீட்டுக்கு வந்தார். வாசலில் அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கு புரளவில்லை.

"உட்கார்ந்தானா?"

"இல்லம்மா. இனிமே அங்க இடமில்ல." நடந்ததையெல்லாம் சொன்னார்.

"சட்டை எங்க?"

"அலமாரியில. பத்திரமா பூட்டிட்டுத்தான் வந்தேன்."

"பூட்டிட்டு வந்தீங்களா? இடமில்லைன்னா பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னு தோணலையா உங்களுக்கு? அங்க தனியா விட்டுட்டு வந்திருக்கீங்களே!"

சட்டைக்காரருக்கு அப்போதுதான் நெஞ்சு வெடித்தது. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினார். அவளும் கதவைச் சாத்திக்கொண்டு கூடவே இறங்கினாள். தெருவில் எதிரே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று, பெற்றவர்கள் இருவரும் வாய்விட்டு அழுதுகொண்டே நடையை எட்டிப் போட்டார்கள், பிள்ளையைக் கூட்டி வர.